இத்தா நாட்களில் ஒரு வாய்மொழிப் பரீட்சை

திகனயில் எங்கள் வீட்டு கேட்டை மாமி உள்ளிருந்து பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். அவருடைய மகன், என் கணவர், மௌத்தாகி ஒன்பதாம் நாள். விதவை வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா, நாலு மாதம் பத்து நாள். அதற்குள்தான் என் ஆய்வேட்டின் வாய்மொழிப் பரீட்சையும் வந்து தொலைந்தது. தவறவிட்டால் பதிவு ரத்து. நாலு வருஷ உழைப்பு மண்.

"அவசியத்துக்கு வெளியே போகலாமாம், மாமி."

"போகலாம்தான். ஊர் வாய மூடேலுமா, மகள்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரா எனக்குப் பட்டம் தரப்போகிறது? இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் பல்கலைக்கழகம் இணையவழிக்கு ஒத்துக்கொண்டது. பக்கத்தில் தானும் கதிரை போட்டு இருப்பதென்றால் சரி என்றார் மாமி.

அவர் தஸ்பீஹ் மணி உருட்ட, நான் படுக்கையறையிலிருந்து வியாழன் கோளைப் பற்றிப் பேசினேன். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள் காற்று வியாழனின் காந்தக்கோளத்தை எப்படி அமுக்குகிறது, காற்று தணிந்தால் அது எப்படி உப்புகிறது. ஒரு மணி நேரம் வறுத்தெடுத்தார்கள். தேறிவிட்டேன்.

எல்லாம் ஆங்கிலத்தில். "என்னதான் கேட்டாங்க?" என்றார் மாமி. சொன்னேன்: வியாழனைச் சுற்றிக் காந்தத்தால் ஒரு வேலி, அதற்குள் துகள்கள் அகப்பட்டுக் கிடக்கின்றன, சூரியக் காற்று வெளியே நின்று வேலியைத் தள்ளுகிறது.

"அப்ப காத்து நின்டா அதுகள் வெளியே போயிருமா?"

அடேயப்பா! பரீட்சகர்களுக்கே தோன்றாத கேள்வி.

"இல்ல மாமி. வேலி கொஞ்சம் அகலும், அவ்வளவுதான். அதுகளப் பிடிச்சு வெச்சீக்கிறது காத்தில்ல, கோள்தான்."

"ம்" என்று மணியை உருட்டினார்.

விரல் விட்டு எண்ணி எண்ணி இத்தா முடிந்தது. அன்று காலையே ஆய்வேட்டை பைண்டிங் கொடுக்கக் கண்டிக்குப் புறப்பட்டேன். மாமி கேட்டை அகலத் திறந்தார்.

"போய்ட்டு வாங்க மகள். இனி யாரும் ஒன்டும் சொல்ல மாட்டாங்க."

கேட்டருகே என் கணவரின் செருப்பு, அவர் கழற்றிய படியே, ஒன்று குப்புறக் கிடந்தது. இத்தனை நாளும் மாமியும் அதை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதைத் தாண்ட எனக்குக் கால் எழும்பவில்லை. கண்டி பஸ் வந்து, ஹோர்ன் அடித்து, போய்விட்டது. நின்ற இடத்திலேயே விம்மி அழுதேன்.

மாமி செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேட்டைச் சாத்தினார். பூட்டவில்லை. பூட்டத் தேவையிருக்கவில்லை.