பதினொன்றாம் நம்பர் ஊசி

விஜயராணி என் தங்கை சின்னாத்தாளின் மூத்த பெண். கணியூரில் பிறந்து மண்ணரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் வேலை பார்த்த கம்பெனி என் அண்ணன் மகன் கதிர்வேலுடையது. அவளுக்கு அவன் மாமன் மகன். இருபது மெஷின் ஓடும். பெரிய கம்பெனி ஒன்று துணியை வெட்டிக் கொடுக்கும், இவன் தைத்துக் கொடுப்பான். எல்லாம் கைக்குழந்தைகளுக்குப் போடுகிற சட்டை. நான் அங்கே பிசிறு வெட்டுகிறேன்.

விஜயராணிக்கு ஊசி வேலை. தைப்பதல்ல, ஊசிக்குக் காவல் இருப்பது. மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் டெய்லர் அவளிடம் கொண்டுவர வேண்டும். அவள் பொருத்திப் பார்ப்பாள். முழு ஊசி ஆனால்தான் அதை நோட்டில் டேப் போட்டு ஒட்டி, மெஷின் நம்பரும் நேரமும் எழுதி, டப்பாவைத் திறந்து புது ஊசி கொடுப்பாள். முனை கிடைக்காவிட்டால் லைன் நிற்கும். தைத்த சட்டை அத்தனையையும் தடவித் தேட வேண்டும். குழந்தை கழுத்தில் குத்தினால் என்ன ஆகும் என்பதற்காகப் பெரிய கம்பெனி வைத்த சட்டம் அது.

எட்டு வருடத்தில் எட்டு நோட்டு. கல்யாணச் சேலையை வைப்பதுபோலத் துணிப்பையில் சுற்றி வைத்திருப்பாள். வெளிநாட்டிலிருந்து பார்க்க வருகிறவர்கள் புரட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

"ஒரு பக்கத்துலகூட முனை குறையாதுங்க பெரியம்மா" என்பாள்.

குறையவே இல்லை. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

போன ஆடி நோம்பி முடிந்த வாரம், துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடிக்கிற சகாயராஜ் உடைந்த ஊசியைக் கொண்டுவந்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். விஜயராணி தண்டையும் முனையையும் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தண்டுல பதினொண்ணாம் நம்பர்னு போட்டிருக்குது. முனை பதினாலாட்டத் தடிசா இருக்குதே சகாயம்?"

"அதுக்குள்ள கண்டுட்டியளாக்கா?" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் மெஷினுக்கு அடியில் கைவிட்டு ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினான். அது நிறைய ஊசி முனை. "முனை கிடைக்கலன்னா இதுல ஒண்ண எடுத்துக் குடுப்போம். எல்லாரும் செய்யிறதுதான். என்னைய மட்டும் ஏன் பிடிக்கிய?"

தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு கதிர்வேலிடம் போனாள். அவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நாந்தான் குடுத்தேன். ஊசி உடையற ஒவ்வொருக்காவும் தடவிக்கிட்டு இருந்தா வண்டி எப்பப் போறது?"

"அப்ப எட்டு வருசமா நான் ஒட்டுனது என்னங்க மாமா?"

"அவங்களுக்கு வேண்டியது நோட்டு புள்ள. உன்னாட்டச் சுத்தமா யாரு ஒட்டுவாங்க?"

அவன் திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

"இன்னிக்கி உடைஞ்ச முனை ஒரு சட்டைக்குள்ள இருக்குதுங்க."

"அங்க ஊசி கண்டுபுடிக்கிற மெஷின் வெச்சிருக்கறாங்கல்ல. அது புடிச்சுக்கும்."

அவளும் நானும் அறுநூறு சட்டையை மதியம்வரை தடவினோம். கிடைக்கவில்லை. வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. அது கேட்டைத் தாண்டியதும் பெரிய கம்பெனியில் சரக்குப் பார்க்கிற சித்ராதேவிக்கு விஜயராணி போன் போட்டாள். சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"எல்லாப் பெட்டியையும் மெஷின்ல உடுங்க மேடம்."

"நாங்க பத்துப் பெட்டிக்கு ஒண்ணுதானுங்க உடுவோம். நீங்க எதுக்குங்க இதைச் சொன்னீங்க? சொன்னா நான் எழுதோணுமே."

"எழுதுங்க."

அன்றைக்கு எல்லாப் பெட்டியையும் விட்டார்கள். ஏழாவது பெட்டியில், ஒரு சட்டையின் கழுத்து மடிப்புக்குள் முனை இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. ஊசியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளத் தெரியாத கம்பெனி என்று எழுதி, கதிர்வேலுக்கு இரண்டு மாதம் துணி நிறுத்தினார்கள். அதே துணி அடுத்த வீதிக் கம்பெனிக்குப் போயிற்று. சகாயராஜும் அங்கே போனான். "அங்கயும் தீப்பெட்டி கெடக்கு பாட்டி, கொஞ்சம் பெருசு" என்று என்னிடம் சொன்னான்.

விஜயராணி என்னைப் பார்க்க வந்திருந்த அன்றைக்குக் கதிர்வேல் என் ஊட்டுக்கே வந்து அவளைக் கேட்டான்: "சொல்லாதவன் தெச்சுக்கிட்டு இருக்கறான். சொன்ன நாம ஷட்டரை இறக்கிட்டு உக்காந்திருக்கறோம். இப்பத் திருப்தியா உனக்கு?"

"முனை கழுத்துல இருந்துச்சுங்க மாமா."

"அதையே எத்தனை தரம் சொல்லுவ?"

சின்னாத்தாளும் மகளைத்தான் திட்டினாள். சொந்தத்துக்குள் இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா என்றாள். கழுத்தில் குத்துப்பட இருந்த பிள்ளையைப் பற்றி யாரும் பேசவில்லை. அது எந்த ஊர்ப் பிள்ளையோ.

புரட்டாசியில் துணி திரும்ப வந்தது. கதிர்வேல் அவளைக் கூப்பிட்டுப் புது நோட்டைக் கொடுத்தான். அவள் வாங்கவில்லை. பழைய எட்டு நோட்டையும் மேசைமேல் வைத்து ஒவ்வொரு அட்டையிலும் எழுதினாள். என்ன எழுதினாள் என்று கேட்டேன். "இதில் ஒட்டியிருப்பதை நம்ப முடியாது" என்று படித்துக் காட்டினாள். கீழே அவள் பெயர்.

"பாக்க வர்றவங்க இதைப் படிச்சா?" என்றான் கதிர்வேல்.

"படிக்கட்டுங்க. அதுக்கப்பறம் புது நோட்டுல ஒட்டறேன்."

எட்டையும் அவன் காரில் போட்டுக்கொண்டு போனான். என்ன செய்தான் என்று தெரியாது.

அவள் அனுப்பர்பாளையத்தில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாள். முன் வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். இருந்ததை இருந்தபடி சொல்லியிருக்கிறாள். ஊசிக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அங்கே அட்டைப்பெட்டி மடிக்கிறாள்.

ஊசி டப்பாவின் சாவியைக் கதிர்வேல் என்னிடம் கொடுத்தான். "உக்காந்த எடத்து வேலைதானுங்க அத்தை" என்றான். எனக்கு ஒரு கண்ணில் புரை. அது அவனுக்குத் தெரியும்.

நேற்று ஒரு டெய்லர் உடைந்த ஊசியைக் கொண்டுவந்தான். தண்டையும் முனையையும் வெளிச்சத்தில் பிடித்து, அவள் பார்த்ததுபோலவே ரொம்ப நேரம் பார்த்தேன். பதினொன்றா, பதினாலா, ஒன்றும் தெரியவில்லை. அவன் நின்றுகொண்டே இருந்தான். டேப்பைக் கிழித்து ஒட்டினேன்.