முந்நூற்றுப் பதின்மூன்று ஓட்டுகள்

அந்த வாக்குச்சாவடியின் பட்டியலில் ஆயிரத்து நாற்பத்தாறு பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயரும் எந்தப் பக்கம் சாயும் என்பதை அறிந்தவர் ஒருவரே. கால்வாய்க்கரைத் தெருவின் தையற்காரர். தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "சதவீதம் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

இருபத்தாறு ஆண்டுகளாக அவர் தம் கட்சியின் வாக்குச்சாவடி முகவர். சட்டைக்கு அளவெடுக்கையில் இரு கைகளையும் விரித்து நிற்கும் மனிதன் பொய் சொல்லச் சிரமப்படுகிறான் என்பது அவர் கண்டறிந்த உண்மை. மார்பளவுக்கும் தோளளவுக்கும் இடையில் விலைவாசியைப் பற்றி ஒரு சொல் விடுவார். பதில் வரும் விதத்தைக் கொண்டு அன்று மாலையே பட்டியலில் பென்சிலால் குறிப்பார். நம்மவருக்குச் சரி, மற்றவருக்குப் பெருக்கல். சில்லறை வேட்பாளர்களையும் மற்றவரோடே சேர்த்துவிடுவார். வாக்குப்பதிவு நாளில் வந்தவர் பெயரை அடித்து, நண்பகலுக்குள் வராத நம்மவர்களுக்கு ஆள் அனுப்புவார்.

மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. இரண்டு வீடு தள்ளி அவருடைய அக்கா தனியே வசித்தார். அக்காவின் கணவர் ஆலையில் எதிர்க்கட்சியின் தொழிற்சங்கத் தலைவராக இருந்து மறைந்தவர். ஆகவே ஒவ்வொரு தேர்தலிலும் அக்காவின் பெயருக்கு நேரே தம்பி தயங்காமல் பெருக்கல் குறியிட்டார். உடன்பிறந்தவளுக்காகக் குறியை மாற்றினால் பட்டியலே பொய்யாகிவிடும் என்பது அவர் கொள்கை.

கடந்த மாநகராட்சித் தேர்தலில் எழுநூற்று முப்பத்தொரு பேர் வாக்களித்தனர். நம்மவர் நானூற்றுப் பதினெட்டு, மற்றவர் முந்நூற்றுப் பதின்மூன்று என்று அன்று மாலையே எழுதிக் கொடுத்தார். எண்ணி முடித்தபோது ஓர் ஓட்டும் பிசகவில்லை. வட்டச் செயலாளர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். வழக்கமாகப் பழைய காகிதத்தோடு போய்விடும் பட்டியலை, அம்முறை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஐந்து மாதங்கள் கழித்துக் கால்வாயை அகலப்படுத்தும் அறிவிப்பு வந்தது. தொண்ணூறு வீடுகள் இடிபடும்; முப்பத்து நான்கு குடும்பங்களுக்குப் பக்கத்துத் தெருவின் அடுக்ககத்தில் இடம்; ஏனைய ஐம்பத்தாறுக்கு இருபத்தெட்டுக் கிலோமீட்டர் தொலைவில். அடுக்ககத்துக்கான பெயர்களை வட்டச் செயலாளர் அந்த அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதினார். தையற்காரர் பெயர் இருந்தது. அக்காவின் பெயர் இல்லை.

அக்காவுக்கு இரு சிறுநீரகங்களும் பழுது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மருத்துவமனை நடந்துபோகும் தூரத்தில் இருந்ததால்தான் அவர் நாட்களைக் கடத்தி வந்தார்.

"எனக்குப் பெருக்கலா போட்ட?" என்று அக்கா கேட்டார்.

"ஆமாக்கா. நீ எப்பவும் அந்தப் பக்கம்தான."

"இந்தத் தடவ உங்க ஆளுக்குத்தான்டா போட்டேன். அவன் ஜெயிச்சா உனக்கு ஒரு நாற்காலியாச்சும் குடுப்பாங்கன்னு நெனச்சேன். கூடப் பொறந்தவ ஓட்டே தெரியல, நீ ஊர் ஓட்ட எண்ணுறியாக்கும்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தையற்காரர் சிரிக்கவில்லை. நேரே கட்சி அலுவலகத்துக்குச் சென்றார்.

"அக்கா பேருக்கு நேரா போட்டது தப்புங்க. அது நம்ம ஓட்டு."

செயலாளர் பட்டியலைப் புரட்டினார். "அப்ப மொத்தம் எப்படிண்ணே பொருந்துச்சு? முந்நூத்திப் பதிமூணு. நீங்க எழுதினதும் அதான், எண்ணினதும் அதான். அக்கா இந்தப் பக்கம்னா, அங்க ஒரு ஓட்டு குறையுதே. அது யாருது? பேரச் சொல்லுங்க, இப்பவே மாத்திடுறேன்."

தையற்காரருக்குக் கணக்கு விளங்கியது. ஒரு தவற்றை இன்னொரு தவறு ஈடுசெய்திருக்கிறது. சரி போட்ட எவரோ மாற்றிக் குத்தியிருக்கிறார். அவருக்குச் சந்தேகம் நான்கு பேர் மேல். நால்வரும் கால்வாய்க்கரைக்காரர்கள், அடுக்ககத்தில் இடம் பெற்றவர்கள். ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி.

"அது என்னுது," என்றார்.

"என்னண்ணே விளையாடுறீங்க?"

"நான்தாங்க மாத்திக் குத்தினேன்."

அது பொய். தம் கட்சியைத் தவிர வேறெதற்கும் அவர் வாழ்நாளில் வாக்களித்ததில்லை. செயலாளர் அடுக்ககப் பட்டியலில் அவர் பெயரை அடித்தார்.

"அக்கா பேர எழுதுங்க."

"எழுதுறதுக்கு எங்கண்ணே இடம்? அடுக்ககத்துல உங்களுக்கு ஒதுக்கின வீட்ட நேத்துலேருந்து மேல ஒருத்தர் கேட்டுட்டே இருந்தாரு. நல்லவேள, நீங்களே வந்து சொன்னீங்க."

வீடுகள் இடிக்கப்பட்டன. உடன்பிறந்தவர் இருவரும் நகரத்துக்கு வெளியே ஒரே அறையில் குடியேறினர். வாரத்தில் மூன்று நாள் விடியுமுன் எழுந்து, இரண்டு பேருந்து மாறி, அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது தையற்காரரின் வேலையாயிற்று. புதிய இடத்தில் அவரிடம் துணி கொடுப்பாரும் இல்லை.

அடுத்த பொதுத்தேர்தல் ஒரு புதன்கிழமை வந்தது. புதன், அக்காவின் டயாலிசிஸ் முறை. இருவர் பெயரும் இன்னும் பழைய பட்டியலிலேயே இருந்தன. பேருந்து அந்த வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்தை ஒட்டி நின்றது.

"எறங்கிப் போட்டுட்டு வாடா. நான் நிறுத்தத்துல உக்காந்திருக்கேன்."

"பத்து மணிக்குள்ள போகலேன்னா உன் படுக்கைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"திரும்பி வரும்போது?"

"திரும்பி வரும்போது உன்னால எந்திரிக்கவே முடியாது."

"அப்ப ரெண்டு ஓட்டு போச்சு," என்றார் அக்கா.

வாசலில் வரிசை இல்லை. முகவர்கள் வெறும் மேசைகளின் பின்னே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தனர். பேருந்து நகர்ந்தது.

அந்தச் சாவடியில் நாற்பத்தாறு சதவீதமே பதிவாயிற்று. நகரவாசிகளின் அலட்சியம் என்று நாளிதழ் எழுதியது. தையற்காரர் அதை மருத்துவமனை வராந்தாவில் படித்தார். இடம்பெயர்ந்த ஐம்பத்தேழு வீடுகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு முறை முதல் பேருந்து வரவில்லை. அந்த வாரம் முடியுமுன் அக்கா இறந்தார்.