தண்ணீருக்குள் மூச்சுவிடும் புழு

கல்லூரிக் கடைசி வருஷம் விலங்கியல் செய்முறைத் தேர்வுக்குப் பூச்சிப் பெட்டி வைக்க வேண்டும். வகுப்பே வண்ணத்துப்பூச்சி பின்னால் ஓடியது. எனக்கென்ன கிறுக்கோ, தண்ணீரில் வளரும் அந்துப்பூச்சிதான் வேண்டும் என்று பக்கத்துக் கிராமமான பரவையின் வயல்களில் சேறு மிதித்தேன். நெல்லின் இலை நுனியை வெட்டிக் குழலாகச் சுருட்டி, அதற்குள் இருந்தபடி வயல் தண்ணீரில் மிதக்குமே கூண்டுப்புழு, அதுதான். உடம்பெல்லாம் மயிரிழைபோலச் செவுள்கள். முதலிடம் எனக்கே என்று மனதுக்குள் கொடியேற்றிவிட்டேன்.

ஊறுகாய் பாட்டிலில் தண்ணீரும் நெற்பயிரும் போட்டுப் புழுக்களை வளர்த்தேன். ஒருநாள் கல்லூரி விட்டு வந்தால் பாட்டிலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இலைக்குழல்கள் அரிசி புடைக்கும் சுளகில் காய்ந்து கிடந்தன.

“பாவம்டி, தண்ணிக்குள்ள மூச்சு முட்டுமேன்னு எடுத்து வெளிய போட்டேன்,” என்றாள் அம்மா.

“அதுக்கு மூச்சே தண்ணிக்குள்ளதாம்மா!”

“ஆத்தாடி! அம்புட்டையுமா கொன்னுட்டேன்?” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொசுவைக்கூட அடிக்காமல் ஊதி விரட்டுகிறவள். அவளை என்னவென்று திட்டுவது?

ஒரே ஒரு குழல் மட்டும் பயிர்த்தண்டில் ஒட்டியிருந்தது. உள்ளே புழு கூட்டுப்புழுவாகிவிட்டதால் தப்பித்தது. அம்மாவே அதற்குக் காவல் இருந்தாள். தேர்வுக்கு முந்தின நாள் பூச்சி வெளியே வந்தது. வெள்ளைச் சிறகில் இளம்பழுப்புக் கோடுகள். முகத்துக்கு முன்னால் மூக்குபோல நீட்டிய உதட்டு உறுப்புகள். நான் பூச்சியைக் கொல்லும் மருந்து பாட்டிலை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது ஒண்ணாவது பொழச்சுப் போகட்டும்டி.”

“அப்ப பெட்டியில எதை வைக்க? ஒன் தலையையா?”

அரிசி டின்னைத் திறந்து துழாவினாள். சாம்பல்நிற அந்து ஒன்று கிளம்பிச் சுவரில் உட்கார்ந்தது. டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துவிட்டாள்.

“இந்தா. இதுக்கும் அதே மூக்குதான?”

“இதை மட்டும் கொல்லலாமாக்கும்?”

“அது நம்ம அரிசியத் தின்னுதுல்ல!”

லென்ஸில் பார்த்தேன். அதே மூக்குதான். நெல் தண்டைத் துளைப்பது, தேனடையை அரிப்பது எல்லாமே இந்த மூக்கு வம்சம். எங்கள் பாடப்புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே குடும்பப் பெயர், பைராலிடே.

மறுநாள், பெட்டியில் நான் வைத்திருந்த சாம்பல்நிற அந்தைப் பார்த்து, எங்கே பிடித்தது என்று தேர்வாளர் கேட்டார். வீட்டு அரிசி டின்னில் என்றேன். கூடமே சிரித்தது. முதலிடம் அங்கேயே போயிற்று.

வீட்டு வாசலில் அம்மா காத்திருந்தாள். நான் வாயெடுப்பதற்குள், “அந்த வெள்ளைப் பூச்சிய ஜன்னலத் தொறந்து விட்டுட்டேன்டி. நேரா பரவைப் பக்கமாத்தான் போச்சு. ஒண்ணாவது வீடு போய்ச் சேந்துருச்சு,” என்றாள்.

எங்கள் வீட்டு ஜன்னல் தெற்குப் பார்த்தது. பரவை இருப்பதோ வடமேற்கில்.

“ஆமாம்மா, அந்தப் பக்கந்தான்,” என்றேன்.