எந்தக் கை மேலே

பக்கவாதம் வந்த பிறகு என் அக்காவிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். 'சரி.' பசிக்கிறதா என்றால் சரி. பசிக்கவில்லையா என்றாலும் சரி. ஃபேனைப் போடச் சொல்வதற்கும், என்னை எழுந்து போகச் சொல்வதற்கும், கோபம் வந்தால் திட்டுவதற்கும் அதே சொல்தான். குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து நான்தான் அர்த்தம் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதி நாள் தப்பாகத்தான் பிடித்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். காரைக்காலில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் முப்பது வருடத்துக்கு மேல் முன்வரிசையில் நின்று பாடியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டு, கணவரைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளைகுட்டி இல்லாமல் அப்பா கட்டிய வீட்டுக்கே திரும்பி வந்தவள். பகலில் எனக்கு நூலகத்தில் வேலை. வீட்டில் இருக்கும் நேரத்தில் அவள் பாடுவாள், நான் குறை சொல்வேன். ஆணி அடித்த மாதிரி ஒரு மெட்டு அவளுக்கு உண்டு. வார்த்தை கிடையாது. கீரை ஆயும்போதும் துணி மடிக்கும்போதும் வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டிருப்பாள். "அதை விட்டா வேற தெரியாதா உனக்கு?" என்று நூறு தடவை கேட்டிருப்பேன்.

வலது கை, வலது கால் இரண்டும் போயின. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. நான் தாங்கிக்கொண்டால் முற்றம் வரை நடப்பாள். கை வரவில்லை. அவள் மடியில் நான் எடுத்து வைத்த இடத்திலேயே கிடக்கும்.

எங்கள் அம்மா இடது கையால் நீட்டிய டம்ளரை வாங்கமாட்டார். கையை மாற்றும் வரை பார்த்துக்கொண்டே நிற்பார். அக்காவும் அதே அச்சுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தபோது, இடது கையால் சிலுவை போடும் குழந்தையின் கையைப் பிடித்து, திட்டாமல், வலது கைக்கு மாற்றிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குக் கடவுள் இடது கையை மட்டும் விட்டு வைத்தார். எனக்கு அவர்மேல் அப்போது வந்த கோபம் இன்னும் தீரவில்லை. யாராவது பார்க்க வந்தால் அக்கா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவாள். மாலை ஜெபத்தில் இடது கையைத் தூக்கவே மாட்டாள். நான்தான் அவளுடைய வலது கையை எடுத்து நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோள்களுக்கும் கொண்டுபோவேன். ஓர் உயிரில்லாத கை எவ்வளவு கனம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரம் ஒருமுறை வந்துபோனாள். அக்கா அந்த மெட்டை முனகுவதை அவள்தான் முதலில் கவனித்தாள். ஆமாம், சொற்கள் போயும் மெட்டு போகவில்லை. வாய் மூடியபடி, லேசாக, முழுதாக வந்தது.

"இது பெரிய விஷயங்க. மெட்டு இருக்குன்னா அதைப் புடிச்சே பேச்சைக் கொண்டு வரலாம். விடாம முனகச் சொல்லுங்க. வாயால ஊதவும் வையுங்க. பலூனோ விசிலோ, எதுவா இருந்தாலும் சரி" என்றாள்.

பலூனை அக்கா ஒரு பார்வை பார்த்தாள். விசிலை இடது கையால் வீசி எறிந்தாள். அதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அத்தனை வருடம் கோயிலில் பாடிய வாய்க்கு விசிலா? திருநள்ளாற்றுக்கு ஒரு வேலையாகப் போனபோது, கடை வாசலில் தொங்கிய மூங்கில் புல்லாங்குழல் ஒன்றை வாங்கி வந்தேன். எனக்கே அதில் காற்றுதான் வந்தது. உதட்டை எப்படிக் குவித்தாலும் சத்தம் இல்லை. உதடு ஒரு பக்கம் கோணிய அக்காவுக்கு எப்படி வரும்?

பக்கத்து வீடு ஒரு முஸ்லிம் குடும்பம். அவர்கள் மருமகள் பிரான்சில் பிறந்து வளர்ந்த பெண். வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவாள். அந்த வருடம் ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் சொல்லிக்கொள்ள வந்தவள், என் கையில் புல்லாங்குழலைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"ஆன்ட்டி, இது கஷ்டங்க. ரெக்கார்டர் வாங்குங்க. சும்மா வாயில வச்சு ஊதினாலே சத்தம் வரும். எங்க ஸ்கூல்ல எல்லாப் புள்ளையளும் ஊதுவோம். அங்க அதுக்குப் பேரே அலகு வச்ச புல்லாங்குழல்தான்."

அலகு! அக்காகூட லேசாகச் சிரித்தாள். வாசலில் கார் ஹாரன் அடித்தது. அந்தப் பெண் ஓடிவிட்டாள்.

காரைக்கால் கடைத்தெருவில் ரெக்கார்டர் கேட்டு நான் பட்ட பாடு தனிக்கதை. ஒரு கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "எதுக்கும்மா? போன்லயே ரெக்கார்டு ஆகுமே. யாராவது மிரட்டுறாங்களா?" என்று கேட்டார். இன்னொரு கடையில் கல்லூரிப் பிள்ளைகள் எழுதும் ரெக்கார்டு நோட்டை எடுத்துப் போட்டார்கள். கடைசியில் ஆன்லைனில்தான் தேடினேன். மரத்தில் ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று. தினமும் கழுவலாம் என்று பிளாஸ்டிக்கே எடுத்தேன். யானைத் தந்த நிறம், மூன்று துண்டு, முன்னால் ஏழு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. கூடவே ஒரு தாளும் வந்தது. அதில் எந்த ஸ்வரத்துக்கு எந்தத் துளையை மூட வேண்டும் என்று கறுப்பு வட்டம், வெள்ளை வட்டமாகப் போட்டிருந்தது.

அந்தத் தாளின் மூலையில் குழலைப் பிடித்த இரண்டு கைகளின் படமும் இருந்தது. இடது கை மேலே, வலது கை கீழே. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. பார்த்துவிட்டு, அச்சில் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். வீடியோக்களிலும் எல்லோரும் இடது கையைத்தான் மேலே வைத்திருந்தார்கள். செல்ஃபி எடுத்தால் இடம் வலம் மாறித்தானே தெரியும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். வாய்க்குப் பக்கத்தில் வருகிற கை வலது கையாகத்தான் இருக்க முடியும். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. கடைசித் துளை வலப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. கீழே இருந்த என் இடது சுண்டுவிரலுக்கு அது எட்டவில்லை. கோணலாகச் செய்து அனுப்பிவிட்டான் என்று திட்டினேன். பிறகு அடித்துண்டு திருகக்கூடியது என்று தெரிந்தது. திருகி இடப்பக்கம் கொண்டுவந்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்காவுக்காக வாங்கினேன், ஊதியதென்னவோ நான்தான். முதலில் நான் வாசித்துக் காட்டி, அவளுக்கு ஆசை வந்ததும் கொடுக்கலாம் என்பது திட்டம். ஆனால் ஐம்பத்தைந்து வயதில் எனக்கே அது பிடித்துப்போய்விட்டது. பலமாக ஊதினால் வீறிடும். கண்ணாடியில் ஆவி படிய விடுகிற மாதிரி மெல்ல விட்டால் பேசும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நாக்கு 'து' என்று தட்ட வேண்டும். நூலகத்தில் ரிஜிஸ்டர் எழுதும்போதுகூட என் விரல்கள் மேசையில் துளை தேடின. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா, "என்னம்மா, குயில் வளக்குறீங்களா? அதுக்குத் தொண்டை கட்டியிருக்கு போல" என்று கிண்டல் செய்தார். எனக்கு ரோஷம் வந்ததே தவிர நிறுத்தவில்லை.

அக்காவின் மெட்டைத்தான் கற்றுக்கொண்டேன். அவள் முனகுவாள், நான் தேடித் தேடி ஊதுவேன். தப்பாகப் போனால், "சரி!" என்று அதட்டுவாள். இடது கையால் கட்டில் சட்டத்தில் தாளம் போடுவாள். அவளுக்கு வியாதி வந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். மெட்டில் மொத்தம் ஐந்து ஸ்வரங்கள். எல்லாம் மேல் துளைகளிலேயே முடிந்துவிடும். கீழ்க்கைக்கு வேலையே இல்லை, குழல் ஆடாமல் பிடித்துக்கொண்டால் போதும். இது எனக்கு அப்போதே தெரியும். அதை நினைத்தால்தான் இன்று தாங்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். முதல்முறையாக அந்த மெட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பிசகாமல் ஊதி முடித்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள். இடது கையைத்தான். யார் முன்னாலும் எதற்கும் நீட்டாத கை.

குழலைக் கொடுத்தேன். முனையைத் தலையணையில் ஊன்றிக்கொண்டாள். அலகை உதட்டில் வைத்தாள். கட்டைவிரல் பின்துளையில் போய் நின்றது. மற்ற விரல்கள் மேல் துளைகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. ஊதினாள். ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் காற்றும் எச்சிலுமாக, ஆனால் சத்தம். அடுத்த விரலைத் தூக்கினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாத்தியாரம்மா ஆகிவிட்டேன்.

"ஐயோ அக்கா, தப்பு. அந்தக் கை இல்ல. வலது கைதான் மேல வரணும்."

சொன்னதோடு விடவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அவள் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குச் செய்ததைப்போலத் திட்டாமல், மெதுவாகத்தான் செய்தேன். கையை எடுத்துவிட்ட பிறகுதான் அவள் மடியில் கிடந்த இன்னொரு கை என் கண்ணில் பட்டது. அக்காவும் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

எனக்கு முகம் எரிந்தது. "நீ ஊது, துளையை நான் மூடுறேன்" என்று குழலைத் திரும்ப அவள் வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் குழலைத் தொடவே இல்லை. நான் ஊதினால் கண்ணை மூடிக்கொள்வாள். இரண்டு மூன்று நாளில் முனகுவதும் நின்றுபோனது. பயிற்சிப் பெண் வந்து, "ஏம்மா, பாட்டு என்னாச்சு?" என்று எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். அக்கா வாயைத் திறக்கவில்லை. நடந்ததை நான் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

தை பிறந்து ஒரு வாரத்தில் இரண்டாவது தடவையாகப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். அந்த நான்கு நாளும் அந்த ஒரு சொல்கூட இல்லை. அடக்கத்தில் பாடகர் குழு முழுவதும் வந்து பாடியது. முன்வரிசையில் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. அவள் கைகளில் ஜெபமாலையைச் சுற்றினபோது வலது கையை மேலே வைத்தேன். அப்படித்தான் அவள் விரும்பியிருப்பாள்.

குழலை உறையில் போட்டு அலமாரிமேல் வைத்தேன். பிறகு சில மாதம் கழித்து மறுபடியும் எடுத்தேன். வேறு என்ன செய்வது? வீட்டில் சத்தமே இல்லை.

பக்கத்து வீட்டு மருமகள் அடுத்த லீவில் வந்தாள். நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். "பெரிய ஆன்ட்டி மௌத்தான சேதி கேட்டு அங்க உக்காந்து அழுதேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். காப்பி கலந்து கொடுத்தேன். மேசைமேல் குழலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்கிட்டீங்களா! நான் ஊதி எத்தனை வருஷமாச்சு" என்று எடுத்து வாயில் வைத்தாள். அடித்துண்டு அவளுக்கு இடறியது போலிருக்கிறது. பார்க்காமலேயே அதைத் திருகி வலப்பக்கம் கொண்டுபோனாள். இடது கை மேலே போய் நின்றது.

"வலது கைம்மா, மேல வரணும்" என்றேன்.

"இல்லங்க ஆன்ட்டி, இடது கைதான் மேல. எல்லாரும் அப்படித்தான் ஊதுவாங்க. எங்களுக்கு மொத வருஷம் முழுக்க இடது கை மட்டும்தான். வலது கைக்கு வேலையே கிடையாது, சும்மா கீழ புடிச்சுக்கணும். சின்னப் புள்ளையளுக்கு அதைக்கூட பக்கத்துல யாராவது புடிச்சுக்குவாங்க."

அவள் ஏதோ ஒரு பள்ளிக்கூடப் பாட்டை ஊதினாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாராவது பிடித்துக்கொண்டால் போதும். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன.

இப்போது முதலிலிருந்து கற்கிறேன். மேலே இடது கை. பழகிய விரல்கள் அடம்பிடிக்கின்றன. மெட்டு இன்னும் சரியாக வரவில்லை. அன்றைக்கு அக்காவின் விரல்கள் யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்த அதே துளைகளில் என் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறேன்.

அவள் சொன்ன 'சரி'க்கெல்லாம் அர்த்தம் பிடிக்கத் தெரிந்தவள் நான் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. அன்று நான் 'தப்பு' என்றேன். அவள் மறுத்துத்தான் பேசினாள். 'சரி' என்றாள்.