வரப்புக்கு அந்தப் பக்கத்து நெல்

அரியலூர் மறுபடியும் பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த வருஷங்களில் என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பங்கு நிலத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். வரப்புக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தியின் வயல். கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்று கூப்பிடுவேன். அண்ணன் லாரியோடு போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்.

ஒரே போர்த் தண்ணீர், ஒரே நடவு ஆட்கள். நான் நட்டது விவசாய டிப்போவில் வாங்கிய புது ரகம். அக்கா நட்டது, திருமழபாடிப் பக்கம் தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்பு நெல்.

கார்த்திகையில் புகையான் விழுந்தது. தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி. என் வயல் வட்டவட்டமாக, தீயில் கருகியது போலக் காய்ந்தது. இரண்டு முறை மருந்தடித்தும் அடங்கவில்லை. கருகல் வரப்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அந்தப் பக்கம் பச்சை அப்படியே இருந்தது.

அக்காவிடம் கேட்டேன். எதுவும் அடிக்கவில்லை, இந்த நெல்லுக்குப் பூச்சி அவ்வளவாக வராது என்றார். அதை அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. அண்ணன் வெளியூரிலிருந்து ஏதோ வீரியமான மருந்து வாங்கி வந்திருக்கிறார், அதை அடித்துப் பூச்சியை என் பக்கம் விரட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து அவர் வயலுக்குப் போகும் நேரத்தைக் கவனித்தேன். கையில் துண்டு மூடிய பாத்திரம் இருந்தால், அது கஞ்சிதானா என்று யோசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தபோது, தலைவலி என்று சொல்லி நான் வீட்டில் தங்கிவிட்டேன். அவருடைய மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்து வைக்கோலுக்குப் பின்னால் துழாவினேன். மருந்தடிக்கும் டின் ஒன்று கிடைத்தது. அதன் குழாயில் சிலந்தி வலை பின்னியிருந்தது. அப்போதும் விடாமல் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். திரும்பினால் வாசலில் அக்கா.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு. துணி எடுக்க வந்தேன்" என்றார். துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சண்டை போட்டிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். குற்றமுள்ளவள்தான் பேசாமல் போவாள் என்று அதையும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் விவசாயக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கொள்ளிடக் கரையோரம் வயல் வயலாக நெல் இலைகளைக் கிள்ளி, ஐஸ் வைத்த பெட்டியில் எடுத்துப்போனாள். விதைக் கம்பெனி ஆள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் என் வயலையும் அக்காவின் வயலையும் காட்டிக் காரணம் கேட்டேன். அறுவடை முடிந்ததும் இரண்டு விதையையும் சட்டியில் விதைத்து, பூச்சியை விட்டுப் பார்க்கலாம் என்றாள். என் மொட்டை மாடியிலேயே வை என்றேன்.

அக்கா ஒரு கை விதை கொடுத்தார். அதில் ஏதாவது கலந்திருப்பாரோ என்று மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். நாற்று வளர்ந்ததும் அந்தப் பெண் கொசுவலைக்குள் சட்டிகளை வைத்துப் புகையானை விட்டாள். கொஞ்ச நாளில் என் ரகம் மஞ்சளாகித் தொங்கியது. சிவப்பு நெல்லில் ஏறிய பூச்சிகள் ஓரிடத்தில் தங்காமல் அலைந்தன. செடி நின்றது.

"எல்லா நெல்லும் தன்னக் காப்பாத்திக்க உடம்புக்குள்ளயே ஏதாவது செஞ்சுக்கும்க்கா. அது ரகத்துக்கு ரகம் வேற, கூடக்கொறைய இருக்கும். உங்க நெல்லுலயும் இருக்கு, இந்தப் பூச்சியத் தடுக்குற அளவுக்கு இல்ல" என்றாள். சிவப்பு நெல்லில் இருப்பது இன்னதென்று இலைகளைச் சோதித்தால்தான் தெரியும் என்றாள்.

யாராவது மருந்து தெளித்திருக்கலாமே என்று கேட்டேன்.

"சாவி உங்ககிட்டதானக்கா இருந்துச்சு?"

அன்று சாயந்திரமே அக்கா வீட்டுக்குப் போனேன். சட்டியில் பார்த்ததைச் சொல்லி, தப்பாக நினைத்துவிட்டேன் என்றேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னப்ப நீ நம்பல. சட்டியில மொளச்சது சொன்னாத்தான் நம்புவியா?"

நான் எழுந்தேன். கிளம்பும்போது விதைநெல் கட்டிய பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அடுத்த வருஷம் பாதி வயலில் அதை நட்டேன். அந்த வருஷம் எங்கள் பக்கம் புகையானே வரவில்லை. சிவப்பு நெல் உயரமாக வளர்ந்து மழையில் சாய்ந்தது, விளைச்சலும் குறைவு. மற்ற பாதியில் இலை சுருட்டுப் புழுவுக்கு நான் மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வரப்பில் வந்து நின்றார்.

"என்னா மருந்து அது?" என்றார். பெயரைச் சொன்னேன். டப்பாவைக் கையில் வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.