கட்டாயப் பாடம்

பௌதிகவியல் படிக்கப் போன எனக்குச் சிங்களம் எதற்கு என்று முதல் வருடம் முழுக்கப் புறுபுறுத்தேன். அதில் சித்தியடையாவிட்டால் பட்டமில்லை.

விடுமுறைக்கு எங்கள் கடற்கரை ஊரான தாழ்வுபாட்டுக்கு வந்திருந்தேன். தெற்கிலிருந்து வந்து எங்கள் கரையில் வாடி போட்டுத் தங்கி மீன்பிடிக்கும் ஒருவர், நீந்திக் கரையேறிச் சிங்களத்தில் கத்தினார்.

“என்னவாம் பிள்ளை?” என்றார் அப்பா.

“வள்ளம் கவிண்டிட்டுதாம் அப்பா. இவரின்ர தம்பி வெறும் எண்ணெய்க் கானைப் பிடிச்சுக்கொண்டு மிதக்கிறாராம்.”

“எந்தப் பக்கமாம்? கெதியாக் கேள்.”

வகுப்பில் பஸ் நிலையத்துக்கு வழி கேட்கப் பழகிய அதே வசனத்தில் கேட்டேன். கோயில் கோபுரத்துக்கு நேரே என்றார். எனக்கு விளங்கியது! அப்பாவின் வள்ளம் பறந்தது.

தம்பியை உயிரோடு மணலில் இறக்கியதும், அண்ணன் என் கையைப் பிடித்து அழுதழுது நிறையச் சொன்னார். பாதிதான் விளங்கியது.

மற்றப் பாதிக்காக, இரண்டாம் வருடத்தில் கட்டாயமில்லாத சிங்களத்தையும் எடுத்திருக்கிறேன்.