மருந்து ஏறிய கொம்பு

அருங்காட்சியகத்தில் அவரைப் 'பூச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். பூச்சி மருந்து போடுகிறவர், அதனால் பூச்சி. காப்பாளர் அம்மா மட்டும் மரியாதை கொடுத்துப் 'பூச்சி சார்' என்பார். அது இன்னும் மோசம். முப்பத்தோரு வருட சர்வீஸில் மரத்தைத் தின்னும் கறையானையும் தோலைத் துளைக்கும் வண்டையும் அவர் தலையெடுக்கவே விட்டதில்லை. வீட்டில் மட்டும் சர்க்கரை டப்பாவைச் சுற்றி எறும்பு ஊர்வலம் போகும்.

"ஊர்ப் பூச்சியெல்லாம் உங்களைப் பார்த்து நடுங்குதாம். நம்ம வீட்டு எறும்புக்கு மட்டும் ஏதோ மாப்பிள்ளைக்கு வழிவிடுற மாதிரி வழிவிடுறீங்க" என்பார் மனைவி.

"லீவு நாள்ல நான் வேலை பார்க்கிறதில்லை" என்பார் இவர்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிடங்கில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். உயரத்து ஜன்னலிலிருந்து வெயில் சாய்வாக இறங்கும். தூசி அதில் அவசரமே இல்லாமல் மிதக்கும். சுற்றிலும் கடல் தாண்டி வந்த சாமான்கள். அந்தக் காலத்தில் ஒரு துரை படையோடு போய், ஒரு ஊரைக் கொளுத்திவிட்டு அள்ளிக்கொண்டு வந்தவை. அட்டைகளில் 'சேகரிக்கப்பட்டது' என்று போட்டிருக்கும். சேகரித்தாராம்! கொடியில் காயும் அடுத்த வீட்டுச் சட்டையை உருவுகிறவனுக்குக்கூட இப்படி ஒரு வார்த்தை தோன்றியிருக்காது.

அவற்றில் ஒன்று தோல் போர்த்திய மர ஊதுகொம்பு, ஓர் ஆள் உயரம். கண் செருகும் நேரத்தில் அது ஊதுவது போல அவருக்குக் கேட்கும். மலையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு பெரிய சத்தம். அந்தச் சத்தத்தில் கிடங்கின் சுவர்கள் மெல்ல விலகும். அலமாரிகளுக்கு நடுவே ஆறு ஓடும். யார் யாரோ கரையேறி வருவார்கள். விழித்தால் கொம்பு சும்மா கிடக்கும். ஒரே ஒரு தடவை நிஜமாகக் கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மனைவியிடம்கூடச் சொல்லாத ஆசை.

அது நிறைவேறும் போலத்தான் இருந்தது. கொம்பைச் சொந்த ஊருக்கே திருப்பிக் கொடுப்பதென்று முடிவாகிவிட்டது. அந்த ஊரில் ஒரு காலத்தில் கொம்பு ஊதிய குடும்பத்திலிருந்து ஓர் அம்மாள் வருவார்; ஒப்படைக்கும்போது மண்டபத்திலேயே ஊதுவார் என்றார்கள். இவருக்குப் பழைய தப்பு ஒன்று ஞாபகம் வந்தது அதைக் கேட்டுத்தான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். குழந்தை பிறக்கப் போகிறது, ஆஸ்பத்திரிக்கு வா என்று ஆள் வந்து நிற்கிறது. கையில் வெள்ளை மருந்துப் பொடியும் வளையக்கூடிய நீளக் காம்பு வைத்த தூரிகையும். கொம்பின் உள்ளே வாயிலிருந்து அடிவரை பொடியைத் தேய்த்துவிட்டு, அப்படியே ஓடினார். எந்தப் பொருளுக்கு மருந்து போட்டாலும் அதன் அட்டையில் எழுத வேண்டும். எழுதவில்லை. மறு வாரம் ஞாபகம் வந்தபோது எழுத வெட்கமாக இருந்தது. அப்புறம் அது பழகிவிட்டது.

அனுப்புவதற்கு முன்னால் அதிகாரிகள் வந்து கொம்பின் வெளிப்புறத்தைக் கருவி வைத்துப் பார்த்தார்கள். சுத்தம். அட்டையைப் புரட்டினார்கள். அதுவும் சுத்தம். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இவர் நாட்களை ஓட்டினார். இத்தனை வருடத்தில் வீரியம் போயிருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்த மருந்துக்கு வயதாகாது என்பது அவருக்கா தெரியாது? சொன்னால் மானம் போகும். அதோடு ஆசைப்பட்ட அந்தச் சத்தமும் போகும். சொல்லாவிட்டால் அந்த அம்மாள் நஞ்சில் வாய் வைப்பார்.

ஒப்படைக்கும் நாள் காலை மண்டபம் நிறைந்திருந்தது. அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும்; பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். கொம்பை இரண்டு கையாலும் தூக்கினார். கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார்.

"ஊதாதீங்கம்மா! வாய் வைக்காதீங்க!"

கத்தியது தான்தான் என்பது இவருக்கே பிறகுதான் உறைத்தது.

"உள்ளே விஷம் இருக்கு. நான்தான் போட்டேன்."

காப்பாளர் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அட்டையில அப்படி ஒண்ணும் இல்லையே, பூச்சி சார்?"

"எழுதலை. இருபத்தொன்பது வருஷமா எழுதலை."

ஆட்கள் ஓடி வந்து கொம்பை வாங்கிக்கொண்டார்கள். அந்த அம்மாளை அழைத்துப் போய்க் கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவ வைத்தார்கள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. அந்த அம்மாள் ஈரக் கையோடு திரும்பி வந்து, தலைகுனிந்து நின்ற இவர் எதிரில் உட்கார்ந்தார். இரண்டு பேர் பேச்சையும் மொழிபெயர்ப்பாளர் மாற்றி மாற்றிச் சொன்னார்.

"சுத்தம் பண்ணினா போயிடுமாய்யா?"

"போகாதும்மா. மரத்துல ஊறிப்போச்சு. பூச்சி அரிச்சிடக் கூடாதேன்னுதான் போட்டது..."

"அரிச்சா என்ன? எங்க ஊர்ல அரிக்கத்தான் செய்யும். அரிச்சா பழசைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் புதுசு குடைவாங்க. அப்படித்தான் இந்தக் கொம்பு வரைக்கும் வந்துது. இதைத் தூக்கிட்டுப் போன பிறகு பார்த்துக் குடையப் பழசு இல்லை. அதோட நின்னுபோச்சு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் இவருக்குத் தேவலை போல இருந்திருக்கும்.

"புதுசு குடைய வெளி அளவை இவங்க கொடுத்துட்டாங்க. உள்ளே எப்படி இருக்குன்னுதான் யாருக்கும் தெரியலை. நீங்க உள்ளே கை விட்டிருக்கீங்களாய்யா?"

இவர் நிமிர்ந்தார். கைக்கு எல்லாம் நினைவிருந்தது. தூரிகையைப் பிடிப்பது போல வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வாய்லேருந்து ரெண்டு சாண் நேரா போகும்மா. அங்க சட்டுன்னு ஒடுங்கும், கட்டைவிரல் கனம்தான். அப்புறம் இடது பக்கம் ஒரு வளைவு. வளைவு தாண்டினா அகலும், பானை மாதிரி. வெளியேருந்து பார்த்தா அது தெரியாது."

"பானையா?" அந்த அம்மாள் முன்னால் சாய்ந்தார். "எங்க அப்பா சொல்லுவார், வயித்துலேருந்து வர்ற சத்தம்னு. சத்தம் ரொம்பப் பெரிசா இருக்கும்னு நாங்க நினைச்சிட்டிருந்தோம்."

இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து வாயருகே வைத்து, இவர் சொன்ன வழியிலேயே மூச்சை மெல்ல அனுப்பிப் பார்த்தார். ஒடுங்க வேண்டிய இடத்தில் விரலை இறுக்கினார். அகல வேண்டிய இடத்தில் விரித்தார். தாழ்ந்த ஒரு சத்தம் வந்தது. மலையைக் கூப்பிடுகிற சத்தம் அல்ல அது. அடுத்த அறையில் இருப்பவரை வீட்டு ஆள் ஒருவர் சாப்பிடக் கூப்பிடுவது போல இருந்தது.

"இப்படியாய்யா?"

இவர் அழுதுகொண்டே, இன்னும் கொஞ்சம் விரிக்கச் சொல்லி விரல்களால் காட்டினார்.